தகரப்பெட்டிக்குள் ஒரு துணைவேந்தர்

கையெழுத்திட்ட பழைய பல்கலைக்கழக ஆவணங்களைச் சேகரிப்பது, பிறர் படித்து வாங்கியதைப் படிக்காமலே வாங்கும் கலை. பட்டச்சான்று, மதிப்பெண் பட்டியல், உதவித்தொகை ஆணை, விடுதிக் கட்டண ரசீது எல்லாம் இதில் அடங்கும். அமெரிக்காவில் இதற்குத் தனிச் சந்தையே உண்டு. உட்ரோ வில்சன் 1902 முதல் 1910 வரை பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்து ஒப்பமிட்ட பட்டங்களுக்கு அங்கே கிராக்கி அதிகம். பின்னாளில் அவர் நாட்டின் அதிபரானதே காரணம். பட்டத்துக்குரிய மாணவர் இரவெல்லாம் கண்விழித்தது கணக்கில் சேராது. படித்தவர் பெயருக்கு விலை கிடையாது, ஒப்பமிட்டவர் பெயருக்கே விலை என்பது இத்துறையின் முதல் விதி.

மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் இந்த விதி செல்லாது. அங்கே பட்டத்தைக் கையில் வாங்குபவர், கீழே ஒப்பமிட்டவர் யார் என்று பார்ப்பதில்லை, "இது யார் வீட்டுப் பிள்ளை?" என்றுதான் கேட்பார். சேகரிப்பாளரின் கண் தாளின் அடியில் இருக்கும், குடும்பத்தின் கண் தாளின் நடுவில் இருக்கும். பேரம் படியாமல் போவதற்கு அடிப்படைக் காரணம் இதுவே.

பகாங் மாநிலத்தின் இந்த மேட்டுநிலத்துக்கு, 1885இல் இங்கே வந்த அரசு நில அளவையாளர் வில்லியம் கேமரனின் பெயர் நிலைத்தது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அதே ஆண்டில் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. இரண்டுக்கும் தமிழர்கள் தேவைப்பட்டார்கள். கப்பலேறித் தோட்டத்துக்குப் போனவர்களுக்கு நுழைவுத் தேர்வு இல்லை என்பது மட்டுமே சலுகை.

கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பள்ளி வைப்பது எளிது, ஆசிரியரை வைப்பது செலவு. ஆகவே மலாயாத் தோட்டங்கள் பலவற்றில் கிராணியோ கங்காணியோ எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளியோ வாத்தியார் ஆனார். பட்டதாரியின் பூர்வீக ஆவணங்களைத் தேடிப் போகிறவர், பிள்ளையின் வருகைப் பதிவும் தகப்பனின் பெரட்டுக் கணக்கும் (காலை ஆள்கணக்கு) ஒரே கையால் எழுதப்பட்டிருந்தால் குழம்பக் கூடாது.

அடுத்து, ஒப்பமிட்டவர்கள். அண்ணாமலைப் பட்டங்களில் சேகரிப்பாளர் தேட வேண்டிய பெயர் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி. 1935 முதல் 1940 வரை அங்கே துணைவேந்தர். ஆங்கில நாவன்மைக்குப் பேர்போனவர். அந்தப் பதவியில் இருந்தபோதே, இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய 1936 இறுதியில் மலாயாவுக்கு வந்தார். ஆண்களுக்கு 50 காசு, பெண்களுக்கு 40 காசு என்ற பழைய நாள்கூலியைத் திரும்பத் தர வேண்டும் என்று 1937ஆம் ஆண்டு அறிக்கையில் பரிந்துரைத்தார். அறிக்கை துரைமாருக்கு வலிக்காமல் எழுதப்பட்டதென்று மலாயா இந்தியர்கள் குறைபட்டார்கள். எப்படியானாலும், பட்டதாரிகளின் சான்றிலும் தோட்டத்தாரின் கூலியைப் பற்றிய அறிக்கையிலும் ஒப்பமிட்ட கை ஒன்றே. இரண்டையும் ஒரே கோப்பில் வைக்கும் சேகரிப்பாளரைப் பாராட்டலாம்.

சென்னையில் படித்து மலேசியா திரும்பிய பழைய தலைமுறை மருத்துவர், ஆசிரியர் வீடுகளில் ஏ. இலட்சுமணசாமி முதலியாரின் ஒப்பம் கிடைக்கும். கிடைக்கும் என்பதுதான் குறை. 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவரின் கையெழுத்து அரிதாக இருக்க வழியில்லை. போதாக்குறைக்கு அவருடன் பிறந்த இரட்டையர் ஏ. இராமசாமி முதலியாரும் திருவனந்தபுரத்தில் துணைவேந்தராக இருந்தவர். முகத்தை வைத்து ஆளை அடையாளம் காண முடியாத இடத்தில், கையெழுத்தாவது உதவுகிறதே என்று சேகரிப்பாளர் ஆறுதல் கொள்ள வேண்டும்.

மலாயாப் பல்கலைக்கழகம் 1949இல் சிங்கப்பூரில் தொடங்கியது. 1962இல் கோலாலம்பூரில் தனிப் பல்கலைக்கழகமானது. 1957 முதல் 1965 வரை அதன் துணைவேந்தர் அலெக்சாண்டர் ஓப்பன்ஹைம், கணித வல்லுநர். ஜப்பானியர் காலத்தில் சாங்கி முகாமில் அடைபட்டிருந்தபோது, கைதிகள் நடத்திய பல்கலைக்கழகத்தில் முதல்வராக இருந்தவர். வருகைப் பதிவு குறையாத பல்கலைக்கழகம் உலகில் அது ஒன்றாகத்தான் இருக்கும். 1929இல் அவர் முன்வைத்த கணித ஊகம் ஒன்றை 1987இல்தான் மார்குலிஸ் என்பவர் நிறுவினார். ஆராய்ச்சிப் பட்டத்துக்கு ஆறேழு ஆண்டு ஆகிறதே என்று கவலைப்படும் தோட்டத்துப் பெற்றோரிடம் இதைச் சொல்லலாம். 1968 முதல் 1988 வரை ஒப்பமிட்டவர் உங்கு அப்துல் அஜீஸ். தோட்டப் பிள்ளைகள் வாங்கிய அந்தக் காலத்துப் பட்டங்களில் பெரும்பாலும் இருப்பது அவர் கையெழுத்தே.

இந்தத் துறைக்கு முன்னோடிகளும் உண்டு. மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறைக்கு 1961 முதல் தலைமை ஏற்ற தனிநாயக அடிகள், ஐரோப்பிய நூலகங்களில் பழந்தமிழ் அச்சு நூல்களைத் தேடி அலைந்தவர். 1679இல் அச்சான புரோயென்சாவின் தமிழ்-போர்த்துக்கீசிய அகராதியை வத்திக்கானில் கண்டு, 1966இல் கோலாலம்பூரிலிருந்து மறுபதிப்பாக வெளியிட்டார். கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்துக்கொண்டே நூல், இதழ், அழைப்பிதழ், துண்டறிக்கை என்று வீடு நிறையச் சேர்த்தார். அவர் மறைந்தபின் 1994இல் சிகாகோ பல்கலைக்கழகமே அந்தச் சேகரிப்பை வாங்கியது. பல்கலைக்கழகத் தாள்களை மனிதர் சேகரிப்பது வழக்கம். இங்கே மனிதர் சேகரித்த தாள்களைப் பல்கலைக்கழகம் சேகரித்தது.

மதிப்பெண்ணுக்கும் மதிப்புக்கும் தொடர்பில்லை என்பதற்குக் கணித மேதை இராமானுஜன் சாட்சி. எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர், சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை அளித்தது. அந்தத் தேர்வில் தேறிய அத்தனை பேருடைய சான்றுகளையும் அடுக்கிக் கொடுத்தாலும், தோற்ற ஒருவரின் கையெழுத்துத் தாளுக்கு ஈடாகாது.

கேமரன் மலையோடு பெயர் சேர்ந்த பட்டதாரிகளில் உலகறிந்தவர் ஜிம் தாம்ப்சன். பிரின்ஸ்டனில் 1928இல் பட்டம் பெற்றவர். தாய்லாந்துப் பட்டு வணிகர். 1967 மார்ச் 26 அன்று இங்கே தங்கியிருந்த பங்களாவிலிருந்து வெளியே போனவர் திரும்பவில்லை. காட்டைச் சல்லடையாகச் சலித்தும் துப்புக் கிடைக்கவில்லை. சேகரிப்பாளர் அவரைத் தேடிக் காட்டுக்குள் போக வேண்டியதில்லை. தேட வேண்டிய இடம் வீட்டுக்குள் இருக்கும் தகரப்பெட்டி.

பெட்டியின் அடுக்குமுறை ஏறத்தாழ எல்லா வீட்டிலும் ஒன்றே. மேலே மின்கட்டண ரசீது, அதன்கீழ் பிறப்புப் பத்திரம், அதன்கீழ் பாட்டியின் சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அடையாள அட்டை), அடியில் கூறைச்சேலை, சேலை மடிப்புக்குள் பட்டம். சுவரில் மாட்டியிருப்பது பட்டமளிப்பு விழாப் படம் மட்டும். முருகனுக்குப் பக்கத்தில், மாலை போட்ட தாத்தாவுக்குக் கீழே அது இருக்கும். வருபவர் எவரும் படத்தைப் பார்த்து நாலு வார்த்தை சொன்ன பிறகே தேநீர் வரும்.

பெட்டியைத் திறந்ததும் பெயர்ச் சிக்கல் தொடங்கும். ஒரே தகப்பனின் பெயரை மூன்று பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தில் மூன்று எழுத்தர்கள் மூன்று விதமாக ஆங்கில எழுத்தில் கூட்டியிருப்பார்கள். பிள்ளைகள் வளர்ந்து பட்டம் வாங்கும்போது பல்கலைக்கழகமும் அதை அப்படியே அச்சிடும். முனியாண்டி என்பவர் மூன்று முனியாண்டிகளாகப் பெருகிவிட்டதால், மூவரும் உடன்பிறந்தவர்களே என்று சத்தியப் பிரமாணம் செய்ய வேண்டிவரும். அதிலும் ஓர் அதிகாரி ஒப்பமிடுவார். குடும்பத்துக்கு இது தொல்லை, சேகரிப்பாளருக்கு இன்னோர் ஆவணம்.

பாதுகாப்புதான் கடினம். பழந்தாளுக்குச் சுமார் 50 சதவீத ஈரப்பதம் போதும் என்பார்கள் ஆவணக் காப்பாளர்கள். கடல்மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், காலையும் மாலையும் பனிமூட்டம் வீட்டுக்குள் வந்து உட்காரும் ஊரில் இதை யாரிடம் சொல்வது? பூஞ்சணமும் வெள்ளிப்பூச்சியும் துணைவேந்தர் என்று பார்ப்பதில்லை. இவற்றுக்குப் பயந்து குடும்பத்தார் பட்டத்தைக் கடைக்கு எடுத்துப்போய் லேமினேட் செய்துவிடுவார்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதமில்லாமல் பிரிப்பது மிகக் கடினம் என்பதால் சேகரிப்பாளர் தலையில் கைவைப்பார். குடும்பத்தார் ஈரத்துணியால் துடைத்துக் காட்டி, இனி நூறு வருஷம் தாங்கும் என்பார்கள்.

கடைசியாக விலை. குடும்பம் பட்டத்தை விற்காது. எத்தனை வெள்ளி என்று கேட்டாலே, அம்மா பெட்டியைப் பூட்டிவிடுவார். கெஞ்சினால் ஒளிநகல் கிடைக்கும். அது உண்மை நகல்தான் என்று யாராவது உறுதிப்படுத்தினால்தான் மதிப்பு என்பதால், தோட்டத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரிடம் போக வேண்டும். அவர் மூலத்தையும் நகலையும் ஒப்பிட்டுப் பார்த்து, முத்திரை குத்தி, தேதியிட்டு, நீல மையில் கையெழுத்துப் போடுவார். சந்தையில் அதற்குச் சல்லிக்காசு பெயராது. ஆனால் வேலை மனு, வங்கிக் கடன், அடுத்த பிள்ளையின் உதவித்தொகை என்று தோட்டத்துக் காரியங்கள் எல்லாம் அந்தக் கையெழுத்தில்தான் நடக்கின்றன.