பைனஸ் முதல் பனை வரை

கே: எங்கள் கடற்கரையில் ஊசி இலையோடு நிற்பதும் நுவரெலியாவில் பார்த்த பைனஸும் ஒரே மரம்தானே? (பேசாலை வாசகி)

ப: இல்லை, உங்கள் ஊரில் நிற்பது சவுக்கு. ஓர் ‘ஊசி’யைப் பறித்து மெல்ல இழுங்கள்; கணுக் கணுவாகக் கழன்று வரும். ஒவ்வொரு கணுவிலும் வட்டமாக நுண்ணிய பற்கள் இருக்கும். அவைதான் சவுக்கின் இலைகள். ஊசி என்று நினைத்தது பச்சைக் கிளை. பைனஸ் ஊசியில் கணு கிடையாது. இரண்டு மூன்று ஊசிகள் அடியில் ஒரே உறைக்குள் சேர்ந்திருக்கும்.

கே: பைனஸ் நம் மலைகளின் சொந்த மரமா? (தலைமன்னார்)

ப: இலங்கைக்கென்று சொந்தமாக ஒரு பைனஸும் இல்லை. மலையகத்தில் பெரும்பாலும் நிற்பது கரீபியன் பைனஸ். கியூபாவும் பஹாமாஸும் மத்திய அமெரிக்காவும் அதன் தாயகம். 1970களின் இறுதியிலும் 1980களிலும், கைவிட்ட தேயிலைக் காணிகளிலும் புல்வெளிகளிலும் பரவலாக நட்டார்கள். மலைக்காட்டையே பிறந்த வீடாகக் கொண்ட பைனஸைக் காண இமயமலை போன்ற இடங்களுக்குப் போக வேண்டும்.

கே: பைனஸ் ஊற்றை வற்றச் செய்யும் என்கிறார்களே? (வங்காலை)

ப: மலையக மக்களின் நெடுநாள் முறைப்பாடு அது, அதில் நியாயம் உண்டு. ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும் மரம் புல்லைவிட அதிக நீரை ஆவியாக்கும். புல்வெளியில் பைன் தோப்பு வைத்தால் ஓடைநீர் குறையும் என்பதைத் தென்னாபிரிக்காவில் பல்லாண்டு அளந்தே காட்டியிருக்கிறார்கள். உதிர்ந்த ஊசிகள் எளிதில் மக்காது. கோடையில் தீப்பற்றினால் சரிவே எரியும்.

கே: அப்படியானால் வெட்டித் தள்ளலாமே? (முருங்கன்)

ப: ஒரேயடியாக வெட்டினால் மழை மண்ணைக் கொண்டுபோய்விடும். சிங்கராஜக் காட்டோரம் பேராதனைப் பேராசிரியர்கள் நிமல், சாவித்திரி குணதிலக்கவும் அமெரிக்க ஆய்வாளர் மார்க் ஆஷ்டனும் நல்ல வழி காட்டினார்கள். 1990களில் சில பைனஸ் வரிசைகளை அகற்றி, அந்த இடைவெளியில் மழைக்காட்டுக் கன்றுகளை நட்டார்கள். அடர்நிழலில் நட்டவற்றைவிட அவை நன்றாக வளர்ந்தன. வந்த மரங்களுக்கு நடுவிலேயே சொந்தக் காட்டை மீட்கலாம்.

கே: பள்ளிமுனைப் பெருக்க மரமும் வெளியிலிருந்து வந்ததுதானே, அதை மட்டும் ஏன் கொண்டாடுகிறோம்? (எருக்கலம்பிட்டி)

ப: ஆபிரிக்க மரம்தான், அரபு வணிகர் கொண்டுவந்தது என்பது ஊர் வழக்கு. ஆனால் அது தன் இடத்தில் நிற்கிறது, பக்கத்து மரத்தை வாழவிடுகிறது. பைனஸிலும் எனக்குக் கோபமில்லை. மலை மலையாக அதை மட்டுமே நட்ட முடிவில்தான் கோபம்.

கே: பாடசாலை மரநடுகைக்கு பைனஸ் கன்று கேட்கலாமா? (தாழ்வுபாடு ஆசிரியர்)

ப: வேண்டாம், சேர். நம் பகுதியில் ஐப்பசி தொடங்கி மூன்று மாதம் மழை, பிறகு நீண்ட வறட்சி, அதோடு சோளகக் காற்று. இவற்றுக்குப் பழகிய மரங்கள் நம்மிடமே உண்டு. மணல்மேட்டைப் பிடிக்க இராவணன் மீசை, களப்போரத்துக்குக் கண்டல், காற்றுக்குப் பனை. புரட்டாதியில் பிள்ளைகளிடம் பனங்கொட்டைகளைக் கொடுத்துப் புதைக்கச் சொல்லுங்கள். மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும். பலன் தரப் பத்துப் பதினைந்து ஆண்டு செல்லும். அந்தப் பிள்ளைகள் நுங்கு குடிக்கும் வயதில்தான் இருப்பார்கள்.