ப்ரமோஷன்ஸ் பெட்டி நிர்வாகத்துக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: ப்ரமோஷன்ஸ் பெட்டி நிர்வாகம், ஜிமெயில், மவுன்டன் வியூ, கலிஃபோர்னியா.

பொருள்: மின்னஞ்சல் செய்திமடல்களுக்கு வாசகர் சேர்த்தலும் தக்கவைத்தலும் – நிர்வாகத்தின் கடைக்கண் பார்வை வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 2024 பிப்ரவரி முதல் நடப்பிலுள்ள மொத்த அனுப்புநர் விதிகள்.

செய்திமடல் என்பது, கேட்டு வாங்கியவரின் மின்னஞ்சலுக்கு எழுதியவர் நேரே அனுப்பும் எழுத்து. இதில் 'நேரே' என்பது மரியாதைக்குச் சொல்வது. இருவருக்கும் நடுவில் மேற்படி நிர்வாகம் அமர்ந்திருக்கிறது. 2013 மே மாதம் ஜிமெயிலின் இன்பாக்ஸ் பிரைமரி, சோஷியல், ப்ரமோஷன்ஸ் என்று பிரிக்கப்பட்டபோது, செய்திமடல்களில் பெரும்பாலானவற்றுக்குக் கிடைத்த இடம் ஜவுளித் தள்ளுபடிக்கும் பீட்சா கூப்பனுக்கும் நடுவில். இதற்கு ஆணை எண் கிடையாது. மேல்முறையீடு செய்யக் கவுன்டரும் கிடையாது. ஸ்பாம் பெட்டிக்குத் தள்ளப்படும் மடலின் கதி இதைவிட எளிது: 30 நாளில் தானாக அழிந்துவிடும்.

நிர்வாகம் காரணமில்லாமல் பிறந்துவிடவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். 1978 மே 3 அன்று டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் விற்பனையாளர் கேரி தூர்க், தங்கள் புதிய கணினிகளின் செயல்விளக்கத்துக்கு வரும்படி, இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே அழைப்பை அனுப்பினார். யாரும் கேட்காத கடிதம். கண்டனம் குவிந்தது, கணினிகளும் விற்றன என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இந்த இரண்டாவது செய்திதான் மின்னஞ்சலின் தலையெழுத்தைத் தீர்மானித்தது. 2002-இல் நிரலாளர் பால் கிரஹாம், எது குப்பை என்பதைச் சொற்களின் நிகழ்தகவை வைத்துக் கணிக்கும் முறையைப் பிரபலப்படுத்தினார். 2004 ஜனவரியில் டாவோஸில் பில் கேட்ஸ், இரண்டே ஆண்டில் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும் என்று அறிவித்தார். அந்த இரண்டு ஆண்டு இன்னும் முடியவில்லை.

இன்றைய வடிகட்டி சொற்களை மட்டும் பார்ப்பதில்லை. அனுப்புபவரின் பூர்வோத்திரத்தையும் கேட்கிறது. வட்டாட்சியர் அலுவலகத்தில் சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று கேட்பதைப் போல இங்கும் மூன்று. எஸ்பிஎஃப் என்பது, இந்த டொமைன் பெயரில் அஞ்சல் அனுப்ப எந்தெந்த சர்வர்களுக்கு அனுமதி உண்டு என்ற பட்டியல். டிகேஐஎம் என்பது, வழியில் யாரும் கை வைக்கவில்லை என்பதற்கான மின்கையொப்பம். டிமார்க் என்பது, முன்னிரண்டும் பொய்த்தால் அந்த அஞ்சலை என்ன செய்யலாம் என்று டொமைன் உரிமையாளர் எழுதி வைக்கும் அறிவுறுத்தல். ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் அனுப்புபவர் மூன்றையும் வைத்திருக்க வேண்டும். கவிதை பற்றி மடல் எழுதுபவர் கவிதையை ஒரு வாரம் நிறுத்திவிட்டு, இம்மூன்றையும் எழுதி வைக்கும் டிஎன்எஸ் பதிவுகளைக் கற்றுக்கொள்வது இலக்கியத்துக்கு இழப்பா லாபமா என்பது கவிதையைப் பொறுத்தது.

சான்றுகளைவிடக் கடுமையானது புகார் வரம்பு. 'இது ஸ்பாம்' என்று வாசகர் பொத்தானை அழுத்தும் விகிதம் 0.3 விழுக்காட்டைத் தொடக் கூடாது, 0.1-க்குக் கீழே இருப்பது உத்தமம். அதாவது ஆயிரம் பேரில் மூன்று பேர். எப்போது சேர்ந்தோம் என்று மறந்தவர் ஒருவர், பேருந்தில் கைதவறித் தொட்டவர் ஒருவர், விலகும் வழி தெரியாமல் எரிச்சலடைந்தவர் ஒருவர். மீதி 997 பேர் விரும்பிப் படித்தாலும் அனுப்புபவரின் பெயர் கெடத் தொடங்கிவிடும்.

இந்த மூவரில் கடைசி ஆளை உருவாக்குவது பெரும்பாலும் செய்திமடல்காரர்களேதான். விலகும் இணைப்பை மடலின் அடியில், வெள்ளைப் பின்னணியில், சாம்பல் நிறத்தில், எறும்பு அளவு எழுத்தில் வைப்பது நெடுநாள் மரபு. அதைக் கண்டுபிடித்து அழுத்தினால் பாஸ்வேர்டு கேட்கும். பிறகு காரணம் கேட்கும். பிறகு கண் கலங்கிய நாய்க்குட்டியின் படத்தைக் காட்டி, போகத்தான் வேண்டுமா என்று கேட்கும். 2003-இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டமோ விலகல் கோரிக்கையை நிறைவேற்ற 10 வேலை நாள் அவகாசம் தந்தது. நிர்வாகம் 2024-இல் இதை இரண்டு நாளாகக் குறைத்து, ஒரே சொடுக்கில் விலகும் வசதியைக் கட்டாயமாக்கியது. அதற்கான தொழில்நுட்ப வரையறை 2017-லேயே தயாராக இருந்தது. ஏழு ஆண்டு யாரும் அவசரப்படவில்லை. மடல் நடத்துவோர் இந்த விதியைச் சபித்தார்கள். உண்மையில் நிர்வாகம் அவர்களுக்குச் செய்த பெரிய உபகாரம் இதுதான். வாசல் திறந்திருந்தால் பிடிக்காதவர் சத்தமில்லாமல் போய்விடுவார். பூட்டியிருந்தால் புகார்ப் பொத்தானை அழுத்திவிட்டுப் போவார்.

வாசகர் சேர்க்கும் முறைகள் பல. மட்டமானது, முகவரிப் பட்டியலை விலைக்கு வாங்குவது. அப்பட்டியல்களில் யாருக்கும் சொந்தமில்லாத பொறி முகவரிகள் கலந்திருக்கும். அவற்றுக்கு அனுப்புபவர் தானே வாக்குமூலம் கொடுத்தவராகிறார். அடுத்தது இலவச பிடிஎஃப்: அதற்காக வந்தவர் அதை இறக்கிக்கொண்டு மறந்துபோவார். பரிசு காட்டி ஆள் சேர்ப்பது சிலருக்குப் பலித்தது. 2015-இல் மிஷிகன் பல்கலைக்கழக மாணவர் இருவர் தொடங்கிய மார்னிங் ப்ரூ, நண்பர்களைச் சேர்த்துவிடும் வாசகருக்கு ஸ்டிக்கரும் காப்பிக் கோப்பையும் கொடுத்து வளர்ந்தது, 2020-இல் 7.5 கோடி டாலர் மதிப்பீட்டில் அதன் பெரும்பங்கு கைமாறியது. கோப்பையைப் பார்த்து அதே வழியில் இறங்கிய மற்ற பலர், அதில் ஊற்றுவதற்குத் தினமும் காலையில் ஏதாவது வேண்டும் என்பதைக் கவனிக்கவில்லை. முகவரி கொடுத்தவரிடமே மறுபடி ஒரு மடல் அனுப்பி உறுதி கேட்பது மெதுவான முறை. எண்ணிக்கை குறையும். வந்தவர்கள் யார் என்பது தெரியும்.

சேர்ந்தவர் படிக்கிறாரா என்று அறிய, மடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படத்தை ஒளித்து வைப்பது வழக்கம். படம் இறங்கினால் மடல் திறக்கப்பட்டதாகக் கணக்கு. 2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 15-உடன் வந்த ஆப்பிளின் தனியுரிமைப் பாதுகாப்பு, அதை ஏற்றுக்கொண்டவர்களின் மடல்களில் உள்ள படங்களை, அவர்கள் திறந்தாலும் திறக்காவிட்டாலும், முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. அன்று முதல் தூங்குபவரும் திறக்கிறார், போனைத் தொலைத்தவரும் திறக்கிறார். 'திறப்பு விகிதம்' திடீரென்று உயர்ந்ததைத் தங்கள் எழுத்தின் வளர்ச்சியாக எடுத்துக்கொண்டவர்களை யாரும் திருத்தாமல் விட்டது நல்லது. பதில் எழுதுபவர் எத்தனை பேர் என்பதை எந்த ஆப்பிளாலும் ஊதிப்பெருக்க முடியாது.

தமிழில் மடல் நடத்துவோருக்குத் தனிக் குறை ஒன்று உண்டு. 102 கேபியைத் தாண்டும் மடலை நிர்வாகம் அந்த இடத்திலேயே வெட்டி, முழுவதும் பார்க்க ஓர் இணைப்பைக் கொடுக்கிறது. யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். 'க' என்பதற்கு மூன்று, 'கொ' என்பதற்கு ஆறு, 'ஸ்ரீ' வந்தால் பன்னிரண்டு. ஆயிரம் சொல் கட்டுரை ஒன்றே 25 கேபி அளவுக்கு வந்துவிடும்; வடிவமைப்பின் எடை தனி. நான்கு கட்டுரை உள்ள தமிழ் மடல் இவ்வாறு வெட்டுப்படும்போது முதலில் மறைவது அதன் வால். விலகும் இணைப்பு இருப்பது அந்த வாலில்தான்.

முகவரிப் பட்டியல் எழுதுபவரின் கையிலேயே இருக்கிறது என்பதுதான் மின்னஞ்சலின் பெருமை. ட்விட்டர் 2021-இல் ரெவ்யூ என்ற செய்திமடல் சேவையை வாங்கி 2023 ஜனவரியில் மூடியது. மெயில்சிம்ப் நிறுவனத்தின் கையிலிருந்த இன்னொரு மடல் சேவையான டைனிலெட்டர் 2024 பிப்ரவரியில் மூடப்பட்டது. ஆயுள் சந்தாவில் சொல்லப்படும் ஆயுள் சந்தாதாரருடையதா பத்திரிகையுடையதா என்ற சிற்றிதழ் உலகின் பழைய ஐயம் இப்போது நிறுவனங்களுக்கும் பொருந்துகிறது. பட்டியலை இறக்கி வைத்துக்கொண்டவர்கள் வேறு கூரைக்குக் கீழே போய் மறுவாரமே மடல் அனுப்பினார்கள். ஆனால் எந்தக் கூரைக்குப் போனாலும் அடுத்த தெருவில் சோதனைச் சாவடி மேற்படி நிர்வாகத்துடையது.

ஆகவே கோரிக்கைகள். ஒரு மடலை வாசகர் ஒருமுறை பிரைமரிக்கு இழுத்துப் போட்டால், அதை அவருடைய இறுதி விருப்பமாக ஏற்க வேண்டும். ஒவ்வொரு வரவேற்பு மடலிலும் எழுத்தாளர் இதற்காகக் கையேந்துவது பார்க்க நன்றாக இல்லை. ப்ரமோஷன்ஸ் பெட்டியின் உச்சியில் நிர்வாகமே காசு வாங்கிக்கொண்டு வைக்கும் விளம்பரங்கள் மடல்போலவே உடுத்தி அமர்ந்திருக்கின்றன. அவற்றையும் ஆயிரத்துக்கு மூன்று என்ற கணக்கில் நிறுத்தி, விகிதத்தை வெளியிட வேண்டும். 102 கேபி வரம்பைப் பைட்டால் அளக்காமல் எழுத்தால் அளக்க வேண்டும். கடைசியாக ஒன்று. புகார் கொடுத்தவரின் முகவரியை யாஹூ, பதிவு செய்துகொண்ட அனுப்புநருக்குத் தெரிவிக்கிறது. அவரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். மேற்படி நிர்வாகமோ விழுக்காட்டை மட்டும் வரைபடமாகக் காட்டுகிறது. அந்த மூன்று பேர் யார் என்று சொன்னால் இரண்டு நாள் அவகாசம்கூட வேண்டாம், அன்று மாலைக்குள் நீக்கிவிடுவார்கள். சொல்லாதவரை அடுத்த மடலும் அந்த மூவருக்கும் போகும்.