ஒரு குப்பைத்தொட்டிப் படத்துக்காக

ரியாக்ட் செயலியில் 'நீக்கு' பட்டனுக்கு ஒரு குப்பைத்தொட்டிப் படம் வேண்டும். எஸ்விஜியாக எழுதினால் நாலு வரி. அதெப்படி, நாம் என்ன அவ்வளவு ஏழைகளா? ரியாக்ட்-ஐகான்ஸை இறக்குகிறோம். ஃபான்ட் ஆசம், ஃபெதர், மெட்டீரியல் என்று சொந்தபந்தம் முழுக்க நோட் மாட்யூல்ஸில் பந்திக்கு உட்கார்ந்துவிடுகிறது.

வேண்டியதை மட்டும் பெயர் சொல்லி இம்போர்ட் செய்தால், பில்டின்போது ட்ரீ-ஷேக்கிங் மிச்சத்தை உதறிவிடும். நம்மாள் விடுவாரா? நட்சத்திரக் குறி போட்டு மொத்தத்தையும் இழுத்து, ஐகானைப் பெயரால் தேடியெடுக்க ஒரு காம்பொனென்டும் எழுதி, 'டைனமிக்' என்று மார்தட்டுவார். (சேமிக்கும் பட்டனில் இன்னமும் ஃபிளாப்பி டிஸ்க். அதைக் கண்ணால் பார்க்காத பையன்தான் அந்தப் படத்துக்கு நிறம் தேர்வு செய்கிறான்.)

கடைசியில் வாடிக்கையாளர் கேட்பது: "படம் புரியலைங்க, பக்கத்துல 'நீக்கு'ன்னு எழுதிடுங்க."

எழுதிவிடுங்கள். ஸ்க்ரீன் ரீடரில் கேட்பவருக்கும் அந்த எழுத்துதான் உதவும்.