கடைநாள் இயல்

சென்னையைச் சுற்றிப்பார்க்க வரும் வெளியூர்க் குடும்பத்தின் கடைசி நாளைக் ‘கடைநாள்’ என்று இக்கட்டுரை குறிக்கும். ‘கடை’ என்றால் முடிவு, அங்காடி, பழைய வழக்கில் வாயில். ராத்திரி எழும்பூரில் ரயில் ஏறுவதால் முடிவு, சாயங்காலம் தி.நகர் என்பதால் அங்காடி. பூட்டிய கதவின் முன் எப்படியும் ஒருமுறை நிற்க நேர்வதால் வாயில். மூன்று பொருளும் ஒரே நாளில் கூடிவருவது தற்செயல் அன்று என்று வாதிட ஆசைதான். மொழியியலார் சண்டைக்கு வருவார்கள் என்பதால் அதை விட்டுவிடலாம். இங்கே நிறுவ வேண்டியது வேறு. கடைநாளில் குடும்பம் எதையும் பார்ப்பதற்காகச் சுற்றுவதில்லை. ஊரில் கேட்கப்போகும் ஒரு கேள்விக்குப் பதில் சேர்க்கவே சுற்றுகிறது. “அவ்வளவு தூரம் போயிட்டு அதைப் பாக்காமயா வந்தீங்க?” என்பதே அந்தக் கேள்வி. கேட்பவர் எதிர்வீட்டு அத்தையாக இருக்கலாம், என்றோ ஒரு கல்யாணத்துக்குச் சென்னை வந்துபோன பெரியப்பாவாக இருக்கலாம். யாராயினும் தாம் பார்த்ததைத்தான் கேட்பார்.

முதல் சான்று இலக்கணம். சுற்றுலாவின் முதல் நாள் வினை ‘பார்த்தோம்’. கடைநாள் வினை ‘பார்த்தாச்சு’. “பீச்சைப் பார்த்தோம்” என்பவர் அலை, காற்று, மிளகாய் பஜ்ஜி என்று இன்னும் ஏதோ சொல்லப்போகிறார். “பீச் பார்த்தாச்சு” என்பவர் சொல்லி முடித்துவிட்டார். நடுவிலிருந்த ஐ உருபு காணாமல் போனதையும் கவனிக்க வேண்டும். ஆட்டோ காத்திருக்கும்போது வேற்றுமை உருபையெல்லாம் யார் தூக்கிக்கொண்டு அலைவது?

அடுத்தது பொழுது. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்கிறது தொல்காப்பியம். நெய்தலுக்கு உரியது எற்பாடு, அதாவது வெயில் சாயும் நேரம். சென்னைக்காரர்கள் தொல்காப்பியம் படித்தாலும் படிக்காவிட்டாலும் இதை மீறுவதில்லை. மெரினாவுக்கு அவர்கள் வருவது வெயில் தாழ்ந்த பிறகுதான். கடைநாள் குடும்பமோ, மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயில் நடை சாத்தியதும், மறுபடி திறக்கும்வரை சும்மா இருப்பானேன் என்று உச்சிவெயிலில் மணலில் இறங்குகிறது. நண்பகல் பாலைக்குரியது. நெய்தல் அங்கேயே பாலையாகத் திரிந்து, பாலையின் உரிப்பொருளாகிய பிரிவும் உடனே நிகழ்ந்துவிடுகிறது. பிள்ளைகள் தண்ணீரைப் பார்த்து ஓடுகிறார்கள். அப்பா உழைப்பாளர் சிலைப் பக்கமே நிழல் தேடி நின்றுவிடுகிறார். அம்மா நான்கு ஜோடிச் செருப்போடு நடுவழியில் நின்று இரு தரப்பையும் கூப்பிடுகிறார். 1959-இல் அங்கே வைக்கப்பட்ட அந்தச் சிலையில் நான்கு பேர் சேர்ந்து ஒரு பாறையைப் புரட்டுகிறார்கள். சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி தொழிலாளர்களை நினைத்துத்தான் செய்தார்; கடைநாள் குடும்பத்துக்கும் அது பொருந்தியிருப்பது அவர் குற்றமில்லை. அங்கிருந்து எம்.ஜி.ஆர். நினைவிடம். கல்லில் காதை வைத்தால் உள்ளே அவருடைய கைக்கடிகாரம் ஓடும் சத்தம் கேட்கும் என்பது, 1987-இல் அவர் மறைந்த நாள்தொட்டு வளர்ந்துவந்த நம்பிக்கை. குனிந்து காது வைக்க ஆகும் நேரம் மூன்று விநாடி. “கேட்டுச்சா?” “கேட்டுச்சு.” நேரமே இல்லாத குடும்பம் கடிகாரச் சத்தம் கேட்கவென்று நின்றதும், கேட்டதோ இல்லையோ பதில் மட்டும் கிடைத்துவிட்டதும் நம் கருத்துக்கு அரண் செய்கின்றன.

எல்லாவற்றிலும் வலுவான சான்று பூட்டிய கதவுதான். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய். பார்ப்பதே நோக்கமாயின் பூட்டைக் கண்ட குடும்பம் துவண்டுபோக வேண்டும். நடப்பது வேறு. ஐந்து நிமிஷம் முணுமுணுப்பு, கதவுக்கு முன்னால் ஒரு போட்டோ, பிறகு முகத்தில் ஒரு தெளிவு. ஏனெனில் “போனோம், அன்னிக்கு லீவு” என்பது முழுமையான பதில். உள்ளே போய் வந்தவரிடம் அது இருந்ததா, இது இருந்ததா என்று மேலும் குடையலாம். பூட்டைப் பார்த்து வந்தவரிடம் கேட்க ஒன்றுமில்லை.

பிள்ளைகளின் அறிவு வளரத்தானே இத்தனை அலைச்சல் என்பார் உளர். பிறர் மதத்தை ஏற்றுக்கொண்டு பிறகு களைவதும் ஒரு நெறி என்று நன்னூல் அனுமதிப்பதால், ஏற்றுக்கொண்டே பார்ப்போம். கிழமை வியாழன், கதவு திறந்திருக்கிறது. 1851-இல் தொடங்கிய அருங்காட்சியகம். செப்புத் திருமேனிகள் உள்ள கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர். தூக்கிய பாதத்தையும் ஊன்றிய பாதத்தையும் மாறிமாறிப் பார்க்கவே கால் மணி நேரம் ஆகும். ஆனால் அந்தக் கூடத்தில் கடைநாளின் குரல் எப்படி ஒலிக்கும்? “சாமிதானே, நம்மூர்க் கோயில்லயே இருக்கு, வா. அங்க திமிங்கல எலும்பு இருக்காம்.” அறிவு வளர்ந்திருக்கலாம், நடந்துகொண்டே வளர்ந்திருக்க வேண்டும்.

நாள் போதாமைதான் காரணம், இன்னும் இரண்டு நாள் கிடைத்தால் நிதானமாகப் பார்ப்பார்கள் என்பது இன்னொரு மறுப்பு. இரண்டு நாள் பயணத்தில் இரண்டாம் நாளும், ஐந்து நாள் பயணத்தில் ஐந்தாம் நாளும் ஒரே ஓட்டமாக ஓடுவதை இம்மறுப்பு விளக்காது. கூடுதல் நாட்களை நங்கநல்லூர்ச் சித்தியும் அம்பத்தூர் மாமாவும் “ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க” என்ற ஒரே வாக்கியத்தால் எடுத்துக்கொள்கிறார்கள்.

இனிக் கட்டைப்பை. கோவில்பட்டியிலிருந்து வருபவர் கடலைமிட்டாய் கொண்டுவந்தால் போதும். 2020-இல் புவிசார் குறியீடே பெற்ற பண்டம், ஊர்ப் பெயரை அதுவே சொல்லிவிடும். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பால்கோவா, திருநெல்வேலிக்கு அல்வா. சென்னையின் பெயரைச் சொல்லும் தின்பண்டம் எது? யோசித்துப் பார்த்தவர்கள் ரங்கநாதன் தெருவுக்குப் போய்விடுகிறார்கள். அங்கே வாங்கும் நைட்டியும் துண்டும் எந்த ஊரிலும் கிடைக்கும். கடைப் பெயர் அச்சிட்ட கட்டைப்பைதான் சென்னை போய்வந்ததற்கு அத்தாட்சி. இந்த அத்தாட்சிக்கு ஒரு குறை உண்டு. பூட்டுப் போடாத சாமானை ரயில் நிலைய கிளோக் ரூமில் ஏற்கமாட்டார்கள். சூட்கேஸ் உள்ளே போய்விடும். இரண்டு கைப்பிடியும் திறந்த வாயுமாக இருக்கும் கட்டைப்பையை எங்கே பூட்டுவது? அதனால் முந்தின நாளே தி.நகர் போய்வந்த முன்யோசனைக்காரர்கள், கடைநாள் முழுதும் அதைத் தோள் மாற்றித் தோள் சுமக்கிறார்கள். மெரினாவில் மணல் புகாமல் அதன் வாயைச் சுருட்டிப் பிடித்திருப்பவர் பெரும்பாலும் பாட்டி. பார்ப்பதற்காக வந்தவர்கள் சாட்சியத்தை இப்படிக் காப்பாற்ற மாட்டார்கள்.

ரயிலுக்கு நான்கு மணி நேரம் முன்பே குடும்பத்தைப் பிளாட்பாரத்தில் உட்காரவைத்துவிடும் அப்பாக்களும் உண்டு. சிறுபான்மை இவ்வாறும் வரும் என்று உரையாசிரியர் வழியில் இதைப் புறனடையாகக் கொள்க. அவர்களும் எழும்பூர் ஸ்டேஷன் 1908-இல் திறந்தது என்று சொல்லி, அதையும் பார்த்தாச்சுக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள்.

கடைசியாக ஒரு தடை. ஊர் திரும்பியபின் எதிர்வீட்டு அத்தை பெரியவர்களை விட்டுவிட்டு ஆறு வயதுப் பிள்ளையைக் கேட்கிறார்: “மெட்ராஸ்ல என்னடா பாத்த?” பிள்ளை கடலையும் சொல்வதில்லை, திமிங்கலத்தையும் சொல்வதில்லை. எழும்பூர் மெட்ரோவில் தானே ஓடும் படிக்கட்டில் மூன்று தடவை ஏறி இறங்கியதைச் சொல்கிறது; நான்காம் தடவை அப்பா திட்டியதையும் சொல்கிறது. 2018-இல் திறந்த அந்த நிலையம் பெரியப்பா வந்துபோன காலத்தில் இல்லை. ஆகவே ஊரில் யாரும் அதைக் கேட்டிருக்க முடியாது. கேள்வியே இல்லாத இடத்தில் பதில் எப்படி வந்தது என்பதற்கு இவ்வியலில் விளக்கம் இல்லை. அந்தப் படிக்கட்டுக்கு வெள்ளியும் விடுமுறை கிடையாது, செவ்வாயும் கிடையாது என்பதை மட்டும் குறித்துவைக்கலாம்.