கண்ணாடி மாட்டின பேராண்டிக்கு

வாடா பேராண்டி. கண்ணுல என்னமோ மெய்நிகர் கண்ணாடிப் பொட்டியை மாட்டிக்கிட்டு வெறுங்காத்தைத் துழாவுறியே, யாரோ மந்திரிச்சு விட்டுட்டாங்கன்னு உங்க பாட்டி பயந்துபோயிட்டா. அண்டார்டிகா பனிக்குள்ள நடக்கிறேங்கிறே. நல்லது. மேல்சட்டைகூடப் போடாம துருவத்துக்குப் போயிட்டு வந்த மொத ஆளு நம்ம குடும்பத்துல நீதான்.

கேலி கிடக்கட்டும். நீ நடக்கிற ராஸ் பனித்தட்டு கிட்டத்தட்ட பிரான்ஸ் தேசத்து அளவாமே. 2015-லேர்ந்து 2017 வரைக்கும் கொலம்பியா பல்கலைக்கழகத்து லாமாண்ட்-டோஹர்ட்டி ஆய்வகத்துக்காரங்க மத்தவங்களோட சேர்ந்து, விமானத்துல ராடாரைக் கட்டி அது மேல குறுக்கும் நெடுக்கும் பறந்திருக்காங்க. அலை பனிக்குள்ள இறங்கி, மோதித் திரும்பற நேரத்தை வெச்சு ஆழம் கணக்கு. பறந்த ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு நீளப் படம். கம்ப்யூட்டர்ல தனித்தனியா பார்த்தா எது எதை எங்கே வெட்டுதுன்னு பிடிபடாது. கண்ணாடியில அது அது தன் இடத்துல செங்குத்தா நிக்குது. ஒரு அடுக்கு பக்கத்துப் படத்துல எங்கே தொடருதுன்னு நடந்தே போய்ப் பார்க்கலாம். இதுல நான் குத்தம் சொல்லலை.

ஆனா ராசா, நூத்துக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குச் சில நூறு மீட்டர்தான் தடிமன். உள்ளபடி காட்டினா ஒண்ணும் தெரியாதுன்னு உசரத்தை மட்டும் இழுத்து நீட்டுறீங்க. நீட்டினவனே அதை மறந்துட்டு, "யம்மா, என்ன செங்குத்து!"ன்னு மிரண்டா எப்படி?

தடத்துக்கும் தடத்துக்கும் நடுவுல சுமார் 10 கிலோமீட்டர் வெறும் இடம். அதைச் சாயமடிச்சு மூடுறதுல உங்க கை ரொம்பச் சுறுசுறுப்பு.

ராடாரும் சில இடத்துல ஏமாறும். குறுகலான கிணத்துக்குள்ள குரல் கொடுத்துப் பாரு. தண்ணி பதில் சொல்றதுக்குள்ள பக்கச் சுவரு முந்திக்கும். கிழக்கு அண்டார்டிகாவுல டென்மன் பனியாத்துக்கும் அதே கதி. பக்கச் சுவரோட எதிரொலியில ராடாருக்கு அடி தெரியாமலே போச்சு. 2019-லதான், எவ்வளவு பனி உள்ளே வருது, எவ்வளவு வேகமா ஓடுதுன்னு வரவு செலவு பார்த்து, அடி கடல்மட்டத்துக்கு 3,500 மீட்டர் கீழேன்னு கணக்குப் போட்டாங்க. நீ முன்னாடியே அங்கே கண்ணாடியோட நின்னிருந்தா, இல்லாத தரையில ஜம்முனு நடந்து போயிருப்பே.

அதனால மாட்டு, நல்லா சுத்திப் பாரு. ராடார் கண்டதை ஒரு நிறத்துலயும் நீங்க ஊகிச்சதை வேற நிறத்துலயும் போடு. எத்தனை மடங்கு நீட்டினேங்கிறதைக் கண்ணுக்கு எதிர்லயே எழுதி வை. அது ரெண்டும் இல்லாத படத்தை என்கிட்ட கொண்டுவராதே.