இன்னும் கொஞ்சம் மேற்காலை

இலங்கையில் தொலைக்காட்சி தனியார் கையில்தான் பிறந்தது என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். 1979 சித்திரை வருடப்பிறப்புக்கு முதல்நாள் ஐ.ரி.என் தொடங்கியது. யூன் 5ஆம் திகதி அரசாங்கம் அதைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. பிள்ளைக்குத் தலை நிற்க முன்னமே தத்துக் கொடுத்தாயிற்று. கொழும்பைச் சுற்றி மட்டும் தெரிந்த சங்கதி. நெடுந்தீவில் இருந்த எங்களுக்கு அது பிறந்ததும் தெரியாது, பறிபோனதும் தெரியாது.

1982இல் யப்பான்காரரின் உதவியோடு ரூபவாகினி வந்தது. ஆனாலும் எங்கள் அன்ரெனா இந்திய ஒளிபரப்பு வந்த கொடைக்கானல் பக்கம்தான் பார்த்தது. பனையோடு சேர்த்துக் கட்டிய இரும்புக் குழாய், அடியில் தம்பி, வீட்டுக்குள் சார்ச் போட்டுக் கொண்டுவந்த கார் பற்றரி.

“அண்ணை, வந்திட்டுதோ?”

“புள்ளிதான் கொட்டுது. இன்னும் கொஞ்சம் மேற்காலை திருப்பு... ஆ, காணும்! விடாதை, அப்பிடியே பிடி!”

“பிடிச்சுக்கொண்டு நிண்டா நான் எப்பிடிப் பாக்கிறது?”

நியாயமான கேள்வி. பதில் சொல்ல ஒருவருக்கும் நேரமில்லை, இராமாயணம் தொடங்கிவிட்டது. இந்தி விளங்காது. கடைசியில் தோற்கப்போவது எங்கள் பக்கத்து ராசா என்பது மட்டும் தெரியும். இராமாயணம் தொடங்கிய அதே 1987இல் இந்தியாவிலிருந்து படையும் வந்தது. அதற்கு ஒருவரும் அன்ரெனா திருப்பவில்லை.

1998இல் மகாராஜா நிறுவனம் தமிழுக்கென்று சக்தி ரீவியைத் தொடங்கியபோது தீவுப்பகுதி கடற்படையின் கையில். ஊர்ச்சனத்தில் பாதி வேறெங்கோ. கொழும்பில் மச்சான் வீட்டில்தான் அதை முதலில் பார்த்தேன். 2009 சனவரி 6 அதிகாலை, பன்னிப்பிட்டியவில் அந்த நிறுவனத்தின் கலையகத்துக்குள் ஆயுததாரிகள் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். அரசுடைமை ஆக்குகிற பழைய மரியாதையெல்லாம் அதற்குள் போய்விட்டிருந்தது.

இப்போது கூரையில் டிஷ். தம்பி தேவையில்லை, பனையும் தேவையில்லை. சென்னையில் எடுத்த தொடரைக் கொழும்பு வாங்கி, செய்மதிக்கு ஏற்றி, மாதக் கட்டணத்தோடு நெடுந்தீவுக்கு இறக்குகிறது. இராமேசுவரத்தில் 323 மீற்றர் கோபுரம் கட்டி இந்தியாக்காரன் சும்மா ஒளிபரப்பியதும் இந்தக் கடலுக்கு அங்கால்தான்.

மழை இருட்டினால் டிஷ் படம் நின்றுவிடும். உடனே என் மனுசி ரொறன்ரோவில் இருக்கும் தங்கைக்கு வட்சப் எடுத்துக் கதை கேட்பாள். அவள் யூரியூப்பில் பார்க்கிறவள். எங்களுக்கு அடுத்த மாதம் வரவேண்டிய சாவையும் சேர்த்துச் சொல்லிவிடுவாள்.