தோட்டுணியியல்

மாணாக்க, முதற்கண் வரையறை கொள்க. தோட்டுணி என்பது பெண்டிர் மார்பை மறைத்துத் தோள்மேல் வீழும் துணி. அதனை நூலாலும் நீளத்தாலும் வகுப்பர் நெசவாளர். யாம் இசைவாணையால் வகுப்போம். பழைய திருவிதாங்கூரின் தென்கோடியில் துணி தறியினின்று இறங்கியபின் அரசின் ஒப்புதல் பெற்றே தோள் ஏறிற்று.

அது தைதுணி, போர்துணி என இருவகைப்படும்.

1. தைதுணி. குப்பாயம் எனவும் படும். கிறித்தவராகிய நாடார் பெண்டிர், சிரியக் கிறித்தவரும் மாப்பிள்ளைமாரும் அணிவதுபோல் இதனை அணியலாம் என 1814இல் ஆங்கிலேயப் பேராளர் மன்றோ இசைந்தார். இது குழுவழி இசைவு. இங்கு உரிமை உடலுக்கன்று, பதிவேட்டுக்கு என்று அறிக. ஒருதாய் வயிற்று இருவருள் திருமுழுக்குப் பெற்றவள் மறைக்கலாம், பெறாதவள் ஆகாது. சிறுபான்மைக்கு உரிமை ஈந்த மன்றோ, அதற்குப் புறத்தே நின்ற தங்கையை எவ்வகையுள் அடக்குவது என்று கூறிற்றிலர். வகைநூலுக்கு இது பெருங்குறை.

2. போர்துணி. இது மேற்குடிப் போர்வை, மீனவப் போர்வை என இரண்டாம்.

2அ. மேற்குடிப் போர்வை நாயர் முதலிய பெண்டிர்க்கு உரியது. குப்பாயத்தோடு அமையாது கிறித்தவப் பெண்டிர் இதனையும் அணிந்தனர். 1829இல் அரசு தடுத்தது. தடை வேண்டியோர், இது எம் தொல்வழக்கு, அயலார் தொடற்க என்றனர். தன் வழக்கைப் பிறர் உடம்பில் வைத்துக் காப்பது அயற்றோட் பண்பாடு எனப்படும். அதனைக் காக்கும் பொருட்டு 1858-59இல் வழிபாட்டுக் கூடங்களும் பள்ளிகளும் எரிக்கப்பட்டன.

2ஆ. மீனவப் போர்வை முக்குவர் பெண்டிர் முரட்டுத்துணியால் சுற்றுவது. சென்னை ஆளுநர் திரெவெலியன் நெருக்க, 1859 சூலை 26இல் உத்திரம் திருநாள் மன்னர் விடுத்த ஆணை இதனை எந்நெறி நாடார் பெண்டிர்க்கும் ஒப்பியது. முற்கூறிய தங்கை இங்கே வகைப்பட்டாள். குப்பாயமும் ஆம்; வேறு எவ்வாறு மறைப்பினும் ஆம்; மேற்குடிப் பெண்டிர் போல் மட்டும் ஆகாது. இதற்கு ஒப்பொழி இசைவு என்று பெயரிட்டோம். தன்னுரிமை நெறியார் இதன் முற்பாதியையும் வழக்குடையார் பிற்பாதியையும் பாடங்கொள்க. மடிப்பு எத்தனை விரல் விலகின் 'போல்' நீங்கும் என்னும் அளவை ஆணையுள் இல்லை.

ஐயம்: சாமித்தோப்பில் அய்யாவழி கண்ட வைகுண்டர், 1859க்கு முன்பே, ஆடவரைத் தலையில் துணி கட்டி வழிபடச் செய்தாரே, இன்றும் கட்டுகின்றனரே, அஃது எவ்வகை? விடை: இசைவு கேளாது ஏறிய துணி இந்நூலுள் அடங்காது. தலைத்துணியியல் எனத் தனிநூல் காண்க; அஃது இன்னும் எழுதப்படவில்லை.